பட்டம் ஒருவருக்கு, பயன் யாருக்கு?

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் நம் இளைஞரிடையே புதியதொரு வேட்கை தோன்றியிருக்கின்றது. மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று நம்மவர் வழிவழியாக நாடிவந்த துறைகளின் வரிசையில், இன்று "பொதுக்கொள்கை" என்னும் கல்வித்துறையும் வந்து நிற்கின்றது. அத்துறையில் முதுமாணிப் பட்டம் பெறுதல் தகுமா, அதற்குச் செலவாகும் பணமும் காலமும் பயன் தருமா, நாட்டிலிருந்தே கற்கலாமா, கடல்கடந்து செல்லவேண்டுமா என்னும் வினாக்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் படித்த பிள்ளைகளைக் கொண்ட வீடுகள்தோறும் எழுகின்றன.

ஒரு மாணவனோ மாணவியோ பெற்றோருடன் கலந்து முடிவு செய்யவேண்டிய விடயத்தில் அரசியல் வார இதழொன்று தலையிடுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பிள்ளை பொறியியல் கற்பதா, கணக்கியல் கற்பதா என்பது அவ்வீட்டின் விவகாரம். நாட்டை ஆளும் முறையைக் கற்கப்போகின்றேன் என்று ஒருவர் புறப்படும்போதோ, அஃது ஆளப்படும் மக்கள் அனைவரதும் விவகாரமாகிவிடுகின்றது. அதுவும், "கொள்கை" என்ற ஒரு சொல்லினால் நமது மாகாணங்கள் எவ்வளவு கட்டுண்டு கிடக்கின்றன என்பதை அறிந்தவர்கள், இவ்வினாவை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்வழி மாகாண சபைகள் தோன்றின. மாகாணத்துக்கு உரியவை, மத்திக்கு ஒதுக்கப்பட்டவை, இருவருக்கும் பொதுவானவை என்று அதிகாரங்கள் மூன்று நிரல்களாக அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வகுக்கப்பட்டன. மாகாண நிரலைப் பார்ப்பவர்களுக்கு விவசாயமும் கல்வியும் சுகாதாரமும் நமக்கே வந்துவிட்டன போன்ற தோற்றம் உண்டாகும். ஆனால் மத்திக்கு ஒதுக்கப்பட்ட நிரலோ, எல்லா விடயங்கள் பற்றியும் எல்லாப் பணிகள் பற்றியும் தேசியக் கொள்கை வகுத்தல் மத்திக்கே உரியது என்று தொடங்குகின்றது. ஒரு கையால் நீட்டியதை மறு கையால் இழுத்துக்கொள்வதற்கு இதனிலும் சிறந்த வாசகம் வேண்டுமா? கொள்கை என்றால் என்ன, அஃது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, நடைமுறைப்படுத்தல் எங்கே ஆரம்பிக்கின்றது என்று நுணுகி வாதாடக்கூடியவர்கள் நம்மிடையே எத்தனை பேர் உளர்? இக்கேள்வியை மனத்திற்கொண்டே பொதுக்கொள்கைப் பட்டத்தின் பெறுமதியை நாம் ஆராய விரும்புகின்றோம்.

இக்கல்வி வந்த வழி

ஆட்சியைக் கல்லூரியிற் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1924இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ்வெல் கல்லூரி தோன்றியது. கையுறை உற்பத்தியாற் பெருஞ் செல்வரான லூசியஸ் லிட்டவர் வழங்கிய 20 இலட்சம் டொலர் நன்கொடையைக் கொண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1936இல் பொது நிருவாகக் கல்லூரியொன்றை நிறுவியது. 1966இல் கென்னடியின் பெயர் சூட்டப்பட்டது அக்கல்லூரிக்கே. 1969இல் பேர்க்கிலியில் பொதுக்கொள்கைக்கெனவே தனிக் கல்லூரி எழுந்தது. ஆசியாவில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2004இல் லீ குவான் யூவின் பெயரால் ஒன்றை ஆரம்பித்தது.

நிருவாகக் கல்வியும் கொள்கைக் கல்வியும் ஒன்றல்ல. இடப்பட்ட பணியை ஒழுங்காகவும் சிக்கனமாகவும் செய்துமுடிப்பது எவ்வாறு என்று கற்பிப்பது நிருவாகக் கல்வி. அப்பணியைச் செய்யத்தான் வேண்டுமா, செய்தால் நன்மை யாருக்கு, செலவு யாருடையது, அதே பணத்தைக் கொண்டு வேறு வழியில் அதிக பயன் பெறமுடியாதா என்று கேட்கக் கற்பிப்பது கொள்கைக் கல்வி. பொருளியல், புள்ளிவிபரவியல், அரசியல், சட்டம் ஆகியவற்றிலிருந்து வேண்டியவற்றை எடுத்து, அவற்றை ஒரு பிரச்சினையின்மேற் பிரயோகிக்கப் பழக்குவதே இப்பட்டத்தின் சாரம்.

நமது நாடு சென்ற பாதை வேறு. எத்துறையிற் பட்டம் பெற்றவராயினும் போட்டிப் பரீட்சையிலே தேறிவிட்டால் எம்மாவட்டத்தையும் ஆளத் தகுதி பெற்றுவிட்டார் என்னும் ஆங்கில மரபே இலங்கைச் சிவில் சேவையின் மரபு. பரீட்சை மூலம் உத்தியோகத்தரைத் தெரிவு செய்யவேண்டுமென்று பிரித்தானியாவில் 1854இல் நோத்கோட்டும் திரெவெலியனும் வரைந்த அறிக்கை அதற்கு ஊற்றாயிற்று. சிவில் சேவை 1963இல் ஒழிக்கப்பட்டு, இன்றைய நிருவாக சேவைக்கு முன்னோடியான சேவை அவ்விடத்தைப் பெற்றது. பிரித்தானியாவிலேயோ, எல்லாவற்றிலும் கொஞ்சம் அறிந்து எதிலும் ஆழமறியாத உத்தியோகத்தரைக் கொண்டு நவீன அரசை நடத்தமுடியாது என்னும் கருத்தை 1968இல் வெளிவந்த புல்ற்றன் அறிக்கை வன்மையாக எடுத்துரைத்தது. 1982ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகம் நம் நாட்டிலும் உத்தியோகத்தருக்குப் பயிற்சியும் முதுமாணிக் கல்வியும் அளித்துவருகின்றது. பல்கலைக்கழகங்களும் அவ்வழியிற் பின்தங்கிவிடவில்லை. ஆகவே கற்பதற்கு இடமில்லை என்று எவரும் குறைகூற முடியாது.

கற்றவர் இருந்தும் கெட்ட நாடு

இப்பட்டத்தை எதிர்ப்போர் கூறும் நியாயத்தை முதலிற் கேட்போம். அது வலிமையான நியாயம். படித்தவர்கள் இல்லாமையாலா இந்த நாடு கெட்டது என்று அவர்கள் கேட்கின்றார்கள்.

2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைக்கப்பட்டது. அரசின் வருமானம் வீழ்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியினால் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் குன்றும் என்று விவசாய விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் வெளிப்படையாக எச்சரித்தனர். கேட்பார் இல்லை. வயலில் நின்ற விவசாயி பட்டம் எதுவும் பெறாமலே அதை அறிந்திருந்தான். அவனையும் கேட்பார் இல்லை. அவ்வாண்டு நவெம்பர் மாதத்திலே தடை நீக்கப்பட்டபோது ஒரு போகத்தின் கேடு நடந்து முடிந்திருந்தது. 2022 ஏப்பிரில் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. பொருளாதாரச் சீரழிவுக்குப் பொறுப்பாளிகள் யார் என்று 2023 நவெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பொறுப்பாளிகளாகக் கூறப்பட்டவர்களுள் அரசியல்வாதிகள் மட்டும் இருக்கவில்லை. பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றோரும் இருந்தனர்.

வேறு நாடுகளிலும் இதே பாடம் உண்டு. ஹாவார்டிற் பயின்ற றொபேட் மக்னமாரா 1961இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானார். ஒவ்வொரு திட்டத்தையும் எண்களால் அளந்து, செலவையும் பயனையும் ஒப்பிட்டு முடிவெடுக்கும் புதிய வரவுசெலவு முறையை அவர் புகுத்தினார். அம்முறை மிகச் சிறந்ததெனக் கருதிய ஜனாதிபதி ஜோன்சன் 1965இல் அரசின் ஏனைய திணைக்களங்களுக்கும் அதனை விரித்தார். கொள்கைக் கல்லூரிகள் பெருகியதும் அக்காலத்திலேயே. ஆயின், அதே அமைச்சரின் அதே எண்கள் வியட்நாமிலே என்ன செய்தன? இறந்தோரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, எதிர்த்து நின்ற மக்களின் மனத்தை எண்ணத் தெரியவில்லை. தாமும் தம்மைச் சேர்ந்தோரும் பிழை செய்துவிட்டதாக 1995இல் வெளியிட்ட நூலில் அவரே எழுதவேண்டி வந்தது.

இலங்கையிலிருந்தே மற்றோர் உதாரணம் காட்டலாம். பிலிப் குணவர்தன அமெரிக்காவின் இலினோய், விஸ்கொன்சின் பல்கலைக்கழகங்களிற் பயின்றவர். விவசாயப் பொருளாதாரம் அறிந்தவர். 1956இல் விவசாய அமைச்சராகி, 1958இல் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக்கு நிலத்தில் உறுதியும் நியாயமான குத்தகையும் அளிப்பதே அதன் நோக்கம். அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. அடுத்த ஆண்டே அவர் பதவியை விட்டு விலகினார். சட்டம் நலிந்தது, காப்பாற்றப்படவேண்டிய பயிர்ச்செய்கையாளர் பலர் வயலிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அறிவு இருந்தது, பதவியும் இருந்தது. ஆனால் அவ்விரண்டையும் தாங்கி நிற்கக்கூடிய மக்கள் பலம் கிராமத்திலே ஒழுங்கு செய்யப்படவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? பட்டம் மனச்சாட்சியைத் தருவதில்லை, அதிகாரத்தையும் தருவதில்லை. கேட்கும் செவி இல்லாத இடத்திற் சொல்லும் வாய் இருந்தும் பயனில்லை. இவ்வளவும் உண்மை. ஆயினும் இதனாற் கல்வியே வேண்டாம் என்று முடிவு கட்டுதல், வைத்தியர் இருந்தும் நோயாளி இறந்தான் என்பதற்காக வைத்தியக் கல்லூரியை மூடிவிடுவது போலாகும்.

இரணைமடுவும் ஒரு பாடம்

அறிவோடு பேசக்கூடியவர் உரிய வேளையில் இல்லாமற்போனால் எவ்வளவு நட்டம் என்பதை நமது மண்ணிலே நடந்த ஒன்றைக் கொண்டே விளக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் கீழே தேங்கும் மழைநீரையே கிணறுகள் தருகின்றன. பசளையும் மலக்குழிக் கழிவும் அந்நீரைக் கெடுத்துவருகின்றன. இதற்குப் பரிகாரமாக, கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்து நீரைக் குழாய்மூலம் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டமொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2010இல் உருவாயிற்று. 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் அக்குளத்தை நம்பியுள்ளன. காலபோகத்துக்கு மழை துணை செய்யும். சிறுபோகமோ குளத்தில் எஞ்சும் நீரையே பார்த்திருக்கும். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். குடிநீர் கேட்பவனும் தமிழன், பயிர்நீர் கேட்பவனும் தமிழன். இருவருக்குமிடையே மேடைப் பேச்சு வளர்ந்தது; ஆண்டுகள் கழிந்தன. ஈற்றில் வடமராட்சி கிழக்கிலே தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைப்பதென முடிவு மாறி, அந்நிலையம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது.

எந்த முடிவு சரி என்பதை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. கேட்கப்படவேண்டிய கேள்விகள் எவை என்பதையே சுட்டுகின்றோம். மழை பொய்த்த ஆண்டுகளில் குளத்திற்கு மாதந்தோறும் வந்த நீர் எவ்வளவு? குடிநீருக்கென எடுத்தால் எத்தனை ஏக்கர் சிறுபோகம் கைவிடப்படும்? அந்த விவசாயிக்கு இழப்பீடு உண்டா, அதனை யார் கொடுப்பது? கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரச் செலவு எவ்வளவு, அது கட்டணமாக எந்த வீட்டின் தலையில் விழும்? குடாநாட்டின் குளங்களைத் தூர்வாரி, மழைநீரை நிலத்துள் இறக்கினால் எவ்வளவு மிஞ்சும்? மலக்குழிகளை ஒழுங்குபடுத்தினால் கிணற்றைக் காப்பாற்றலாமா? இக்கேள்விகளைத் திட்டம் வரையப்படும்போதே கேட்டு, விடைகளை எண்ணோடும் ஏட்டோடும் இரு சாராரின் முன்னும் வைக்கக்கூடிய பத்துப்பேர் நம்மிடையே முன்வந்திருந்தால், சகோதரர் இருவர் பகைவராக நின்ற காலம் குறுகியிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பொதுக்கொள்கைக் கல்வி கற்பிப்பது இக்கேள்விகளைத்தான்.

மலையகத்தைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்று ஆண்டுக்கணக்கிற் போராட்டம் நடந்தது. 2021இல் சம்பள நிருணய சபையின் மூலம் அது கிடைத்தது. நாட்சம்பளம் உயர்ந்தது, அதனோடு மாத வருமானமும் உயர்ந்ததா? மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கப்படும், ஒரு நாட்பெயருக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்கவேண்டும், வீட்டுக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் பொறுப்பு யார் என்ற கேள்விகள் சம்பளத் தொகைக்குப் பின்னால் மறைந்து கிடக்கின்றன. பேரம்பேசும் மேசையில் கம்பனியின் பக்கத்திற் கணக்கறிந்தவர்கள் அமர்ந்திருக்கின்றார்கள். தொழிலாளியின் பக்கத்தில் அமர்வது யார்?

மாகாணங்களின் நிதியும் அவ்வாறே. மத்தியிலிருந்து மாகாணங்களுக்கு எவ்வளவு பணம் பகிரப்படவேண்டும் என்று சிபாரிசு செய்வது நிதி ஆணைக்குழு. போரினால் நலிந்த ஒரு மாகாணத்தின் தேவையை அவ்வாணைக்குழுவின் முன்னே வைப்பதற்குக் கண்ணீர் போதாது, கணக்கு வேண்டும். எத்தனை பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை, எத்தனை மைல் வீதி மாரியில் மூழ்குகின்றது, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை, அவற்றின் வருமானம் யாது என்று ஒழுங்காகத் திரட்டி வைத்தவனின் கோரிக்கையைத் தள்ளுவது கடினம். உரிமை கேட்கும் குரலுக்கு எண்கள் துணை நிற்குமாயின் அக்குரல் உரத்து ஒலிக்கும்.

கோறணமேந்தும் சீதனமும்

இனி, பட்டத்தை நாடுவோரின் நோக்கத்தைப் பார்ப்போம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்னும் பழமொழியை நமது சமூகம் இன்னும் மறந்துவிடவில்லை. பட்டத்தை உத்தியோகத்துக்கு ஏணியாகவும், உத்தியோகத்தைச் சீதனத்துக்கு ஏணியாகவும் கணக்கிடும் மனப்பான்மை, கல்வியின் பெயர் மாறினாலும் மாறுவதில்லை. எழுத்தர் பதவிக்கு மாப்பிள்ளை தேடிய காலம் போய், கொள்கை ஆலோசகருக்கு மாப்பிள்ளை விலை பேசும் காலம் வருமானால், அக்கல்வியினால் நாடு பெற்றது என்ன?

வெளிநாட்டிற் குடியேறுவதற்கு மாணவர் விசாவை வாயிலாகக் கொள்வோரும் உளர். இடர்ப்பட்ட நாட்டை விட்டுச் செல்பவர் எவரையும் நாம் பழிக்கமாட்டோம். ஆனால் அவர்களுக்கு நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டியது நமது கடமை. குடியேறுவதே நோக்கமெனில், பொதுக்கொள்கை அதற்கு ஏற்ற துறையன்று. பொறியியலாளனின் கணிதமும் தாதியின் கைத்திறனும் எந்நாட்டிலும் செல்லும். கொள்கை அறிவோ அந்தந்த நாட்டின் சட்டத்தோடும் மொழியோடும் மக்களோடும் பின்னிக் கிடப்பது. பிறநாட்டவன் ஒருவனுக்குத் தம் அரசாங்கத்தின் ஆலோசனை மேசையில் எந்நாடும் எளிதில் ஆசனம் கொடுக்காது.

செலவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பொதுக்கொள்கை முதுமாணிக்கு வழக்கமாக இரண்டாண்டு. பிரித்தானியாவில் முதுமாணிக் கல்வி பெரும்பாலும் ஓராண்டு. கட்டணம் டொலரிலும் பவுணிலும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு உயர்ந்தது. காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு இரண்டே மாதத்திற் செலவு ஏறக்குறைய இரட்டித்தது. அரச உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து அத்தகைய கடனை அடைப்பது எளிதன்று. கடனாளியாகத் திரும்பும் கொள்கை வல்லுனன், உண்மையைச் சொல்லும் பதவியை விட்டு, அதிக ஊதியம் தரும் பதவியைத் தேடவேண்டியவனாகின்றான். ஆதலால், ஈடு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் இப்பட்டத்தைப் பெறுதல் தகாது என்பதே நமது துணிந்த முடிவு.

வசதியற்றவருக்கு வழி இல்லாமலில்லை. பிரித்தானியாவின் செவினிங் புலமைப்பரிசில் 1983 முதல் வழங்கப்படுகின்றது. ஓராண்டு முதுமாணிக் கல்விக்கு உரிய முழுச் செலவையும் அது ஏற்கின்றது. இரண்டாண்டு வேலை அனுபவம் இருத்தல்வேண்டும். கற்றபின் தாய்நாட்டிற்கு மீண்டு இரண்டாண்டு தங்கவேண்டும். அவுஸ்திரேலிய அரசின் புலமைப்பரிசிலும் படிப்பு முடிந்ததும் அந்நாட்டை விட்டு நீங்கி இரண்டாண்டு வெளியே இருக்கவேண்டுமென்று விதிக்கின்றது. யப்பானிய அரசு நமது நாட்டின் நிறைவேற்றுத் தர உத்தியோகத்தருக்கெனத் தனிப் புலமைப்பரிசில் அளித்துவருகின்றது. அனுபவம் முதலில், கல்வி பின்னர், தாய்நாட்டிற்கு மீளுதல் அதன்பின் என்னும் ஒழுங்கு இப்பரிசில்களில் விளங்குவதைக் காண்க. அவ்வொழுங்கு தற்செயலானதன்று.

யார் கற்கவேண்டும்? எப்போது?

இருபத்திரண்டு வயதிற் பல்கலைக்கழகத்தை விட்டிறங்கி, பிரதேச செயலகத்தின் வாசற்படியைக்கூட மிதியாமல், நேரே கொள்கைக் கல்விக்குச் செல்வது வீண். நோயாளியைக் காணாதவன் மருந்தை மனனஞ் செய்வதற்கு ஒப்பாகும் அது. முதலிற் சில ஆண்டு வேலை செய்க. பிரதேச செயலகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, பாடசாலையிலோ, தொழிற்சங்கத்திலோ, பத்திரிகையிலோ வேலை செய்க. ஒரு சுற்றுநிருபம் கொழும்பிற் புறப்படும்போது எவ்வாறிருந்தது, கிராம அலுவலரின் மேசையை அடையும்போது எவ்வாறாயிற்று என்று கண்ணாற் காண்க. அவ்வேலையிலே விடை காணமுடியாத ஒரு கேள்வி இரவும் பகலும் உறுத்துமாயின், அக்கேள்வியைக் கையிற் கொண்டு கற்கச் செல்க. கேள்வியோடு செல்பவன் விடையோடு திரும்புவான். பட்டத்துக்காகச் செல்பவன் பட்டத்தோடு திரும்புவான்.

எண்களைக் கண்டு அஞ்சுபவர்களும் ஒரு கணம் தயங்குதல் நலம். இப்பட்டம் பேச்சுத் திறனுக்குத் தரப்படுவதன்று. புள்ளிவிபரமும் பொருளியலும் இதன் முதுகெலும்பு. சில கல்லூரிகளில் அவற்றை ஒதுக்கி எளிதாக்கிய பாடத்திட்டங்களும் உண்டு. அவ்வாறான ஒன்றிற் சேர்வதைவிடப் பொருளியலிலோ புள்ளிவிபரவியலிலோ நேராக முதுமாணி பெறுதல் மேல்.

வெளிநாடு செல்ல இயலாதவர் மனந்தளர வேண்டுவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரசைக்கும் அரச ஏடுகளைக் கேட்கும் உரிமையை அளித்திருக்கின்றது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் வெளிவருகின்றன. பாராளுமன்றக் குழுக்களின் விசாரணைகள் வெளிவருகின்றன. வரவுசெலவுத் திட்டம் ஆண்டுதோறும் அச்சாகின்றது. அவற்றை எத்தனை வாசிகசாலைகளில் எத்தனை பேர் எடுத்துப் படிக்கின்றனர்? நமது கிராமத்துச் சனசமூக நிலையங்களிற் சினிமாச் செய்தி படிப்போருள் நால்வர் பிரதேச சபையின் வரவுசெலவுக் கணக்கைப் படிக்கத் தொடங்குவாராயின், அதுவே ஒரு கொள்கைக் கல்லூரியாகும்.

மொழியைப்பற்றி ஒரு சொல். இக்கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. கற்றுத் திரும்புவோர் பலர் எழுதும் அறிக்கைகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு, உதவி வழங்கும் நிறுவனங்களின் அலுமாரிகளில் உறங்குகின்றன. கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே தமிழில் விளக்கமுடியாத கொள்கை, கொள்கையாகாது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இரசாயனமும் பௌதிகமும் தமிழில் வகுப்பறைக்கு வந்தன. இரசாயனத்துக்கு முடிந்தது ஆட்சியறிவுக்கு முடியாதா? தாம் கற்றதை ஒரு விவசாயிக்கு விளங்கும் தமிழிற் சொல்லமுடிகின்றதா என்பதே பட்டதாரி தனக்குத்தானே வைத்துக்கொள்ளவேண்டிய இறுதிப் பரீட்சை.

சமூகத்தின் பங்கு

பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசம் செய்து முடிப்பது நியாயமன்று. கற்றுத் திரும்புவோருக்கு அமர ஆசனம் வேண்டாமா? 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் அதற்கு முன்னரே முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மக்கள் பிரதிநிதி இல்லாத சபையிற் கொள்கை வல்லுனன் யாருக்கு ஆலோசனை கூறுவான்? மாகாண சபைத் தேர்தலைக் கோருவோர், அச்சபைகளுக்குக் கொள்கை ஆய்வுப் பிரிவொன்று வேண்டுமென்றும் கோருதல் வேண்டும். உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே 6ஆந் திகதி தேர்தல் நடந்தது. அச்சபைகள் அறிவுள்ள இளைஞர் இருவரையாவது அழைத்துக் கழிவகற்றல், குடிநீர், சந்தை வருமானம் ஆகிய மூன்றையும் கணக்கிட்டுத் தரும்படி கேட்பதற்கு யார் தடை?

நமது அரசியற் கட்சிகளும் பதில் சொல்லவேண்டும். மேடைக்குப் பேச்சாளரைத் தேடும் அவை, ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரும்போது அதனை வரிக்கு வரி படித்துக் குறிப்பெழுதித் தரக்கூடியவர்களைத் தேடுகின்றனவா? 2012இல் "திவிநெகும" சட்டமூலம் வந்தபோது, மாகாண சபைகளின் அதிகாரத்தை அது எவ்வாறு தொடுகின்றது என்பது உயர் நீதிமன்றம்வரை சென்ற வழக்காயிற்று. வறுமை ஒழிப்பு என்ற இனிய பெயரின் கீழே அதிகாரம் மத்தியை நோக்கி நகர்வதைக் கண்டுபிடிக்கச் சட்டமூலத்தைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டியிருந்தது. புலம்பெயர்ந்த நம்மவர் கோயிற் கோபுரங்களுக்கும் பாடசாலைக் கட்டடங்களுக்கும் வாரி வழங்குகின்றனர், அது போற்றற்குரியது. திரும்பி வந்து ஐந்தாண்டு தம் மாவட்டத்திற் பணியாற்ற உறுதியளிக்கும் நால்வருக்கு ஆண்டுதோறும் புலமைப்பரிசில் அளித்தாற் பத்தாண்டில் நாற்பது பேர் உருவாவர். நாற்பது பேர் ஒரு மாகாணத்தின் சிந்தனையை மாற்றப் போதும்.

ஆகவே, பொதுக்கொள்கையிற் பட்டம் பெறுதல் தகுமா என்னும் வினாவுக்கு நமது விடை இதுவே. பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்க்க விரும்புவோருக்கும், கப்பலேற வழி தேடுவோருக்கும், கடன்பட்டுக் கற்க எண்ணுவோருக்கும் அது தகாது. மக்களிடையே சில ஆண்டு உழைத்து, அவர்களது துன்பத்தின் காரணத்தை அறியாமல் உறங்கமுடியாதவருக்கு அது தகும். தகுவது மட்டுமன்று, அவரைத் தேடிப்பிடித்து அனுப்பிவைப்பது சமூகத்தின் கடனுமாகும்.

1945இல் இந்நாடு இலவசக் கல்வியை ஏற்றது. ஏழையின் வரிப்பணத்திற் கற்றவர்களே நாம் அனைவரும். தேயிலைத் தோட்டத்துத் தாயும் தென்னந்தோப்புக் கூலியாளும் கட்டிய வரி நமது பட்டங்களின் ஒவ்வோர் எழுத்திலும் கலந்திருக்கின்றது. அவர்களை ஆளும் கொள்கைகளை அவர்கள் வாசிக்கமுடியாத மொழியில், அவர்கள் காணமுடியாத அறைகளில், யாரோ எழுதிக்கொண்டிருக்கின்றார்கள். அவ்வறைக்குள்ளே அவர்கள் சார்பிற் சென்று அமர்ந்து, "இதன் செலவு யார் தலையில்?" என்று கேட்கத் துணிந்தவர்கள் கற்கப் புறப்படட்டும்.